இரண்டு டன்

"ரெண்டு டன்னுங்கறீங்க. அதை ரெண்டே ஆளு எப்படிக் கண்ணு மாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க?"

2017ஆம் ஆண்டுச் சித்திரையில் ஒரு பிற்பகல், குளிரூட்டியைப் பொருத்த வந்தவர்கள் மாடியேறிச் சென்றதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்ட கேள்வி இது. நாங்கள் சிரித்தோம். டன் என்பது இங்கே எடையல்ல, குளிர்ச்சியின் அளவு என்று சொன்னோம். குளிர்ச்சியை எதற்காக டன்னில் அளக்கிறார்கள் என்று அவர் அடுத்துக் கேட்டார். அதற்கு எங்களிடம் விடையில்லை. என்னவென்றே தெரியாத ஓர் அளவில் ஒரு பொருளை வாங்கி வந்திருக்கிறோம் என்பது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவும் இல்லை.

அவர் எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். இருவருமே அப்பா என்றுதான் அழைத்தோம். அம்மாப்பேட்டையில் ஓட்டு வீட்டில், குழித்தறியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நெய்தவர். அம்மா மறைந்தபின் 2016இல் அவரை ஃபேர்லேண்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாடியில் இருந்த ஒற்றை அறையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் வடகிழக்கே சேர்வராயன் மலை தெரியும் என்பது அவர் சொன்ன காரணம்.

மலை தெரிந்தது உண்மைதான். ஆனால் அந்த அறை மேற்கு வெயிலையும் மொட்டை மாடியையும் ஒருசேரச் சுமந்திருந்தது. மேற்குப் பக்கத்து வீட்டில் நின்ற பெரிய வேப்பமரத்தை வண்டி நிறுத்த இடம் வேண்டி அதே ஆண்டில்தான் வெட்டியிருந்தார்கள். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த சேலத்தில் வெயில் கிண்ணத்தில் ஊற்றியதுபோலத் தேங்கும் என்பார்கள். அந்தக் கிண்ணத்தின் அடிச்சூடு முழுவதும் அப்பாவின் அறையில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. முதுமையில் வியர்வை குறையும், தாகம் உணரும் திறன் மங்கும், ஆகவே வெப்பம் தாக்குவதே தெரியாமல் முதியவர்கள் சரிந்துவிடுவார்கள் என்று படித்திருந்தோம். அந்த அச்சத்தோடுதான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் அறையின் நீள அகலத்தைக் கேட்டார். பன்னிரண்டுக்குப் பதினான்கு, அதாவது 168 சதுர அடி என்றோம். "ஒன்றரை டன் தாராளம்" என்றார். மாடி அறை, மேற்கு வெயில், வயதானவர் என்று நாங்கள்தான் விரித்துச் சொல்லி, "எதற்கும் இருக்கட்டும், இரண்டு டன்னாகவே கொடுங்கள்" என்றோம். அவரும் மறுக்கவில்லை. அதிகமாகக் கேட்கும் வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரர் மறுப்பார்?

*

'எதற்கும் இருக்கட்டும்' என்பது தமிழ்க் குடும்பங்களின் தாரக மந்திரம். பத்துப் பேர் வரும் விருந்துக்குப் பதினைந்து பேருக்கு உலை வைப்பதும், பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாகச் சட்டை எடுப்பதும் அதன் பேரில்தான். மிஞ்சினால் நட்டமில்லை, குறைந்தால்தான் அவமானம் என்று நம்புகிறோம். சோற்றுக்கும் சட்டைக்கும் அது பொருந்தலாம். குளிரூட்டிக்குப் பொருந்தாது என்பதை அறிய எங்களுக்கு ஓராண்டு பிடித்தது.

முதல் சில நாட்கள் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பொத்தானை அழுத்திய ஐந்தாம் நிமிடத்திலேயே அறை சில்லிட்டது. ஆனால் ஏழெட்டு நிமிடத்தில் வெளியே கம்ப்ரஸர் நின்றுவிடும். உள்ளே காற்றை ஊதும் விசிறி மட்டும் ஓடும். சற்று நேரத்தில் காற்று கனத்துப் புழுங்கும். பிறகு கம்ப்ரஸர் தட்டென்று மீண்டும் கிளம்பும்போது வீட்டு விளக்குகள் ஒருமுறை மங்கி எழும். இரவு முழுவதும் இதே ஆட்டம்.

அப்பா குறை சொல்லத் தெரியாதவர். "காலு சில்லுன்னு கெடக்குது, தலைமேல மட்டும் அடுப்பு எரியற மாதிரி இருக்குது கண்ணு" என்று ஒருமுறை சொன்னார். வயதானவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பழகிவிடும் என்று முடிவுகட்டினோம். இன்னொரு நாள், "குளிரு இருக்குது, காத்து சரியில்ல" என்றார். அதையும் காதில் வாங்கவில்லை. நள்ளிரவில் அவர் குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதைக் கண்டபோது, மின்கட்டணத்துக்கு அஞ்சுகிறார் என்றே நினைத்தோம். அந்தக் கோடைக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியிருந்தோம். அப்போதைய கட்டண முறையில் அந்த எல்லையைத் தாண்டினால் விகிதமே மாறும். மின்வாரிய அட்டையை அப்பா எடுத்துப் பார்த்ததும் எங்களுக்குத் தெரியும். "பணத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டோம்.

2018 மே மாதத்தில் ஓர் இரவு. கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மாடிப் படிக்கட்டில் நிழலாடியது. அப்பா துண்டை விரித்துப் படியில் அமர்ந்திருந்தார். முதுகு நனைந்திருந்தது. மேலே அவர் அறையில் இரண்டு டன் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தினால் நாங்கள் வருந்துவோம் என்று அதை ஓடவிட்டு, தான் மட்டும் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார். எத்தனை இரவுகளாக என்று கேட்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

*

பாலிடெக்னிக் ஒன்றில் குளிர்பதனப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எங்களுக்கு உண்டு. அடுத்த ஞாயிறு அவரை அழைத்தோம். இயந்திரத்தில் ஏதோ பழுது, கேஸ் குறைந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். அவர் ஓர் அளவுநாடாவோடும் ஒரு தாளோடும் வந்தார். இயந்திரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அறையின் நடுவில் நின்று கையை உயர்த்திக் கூரையைத் தொடுவதுபோல வைத்துக்கொண்டார். பிறகு மொட்டை மாடிக்குப் போய்த் தட்டோட்டைத் தட்டிப் பார்த்தார். எந்தச் சுவர் எந்தத் திசை, எந்தச் சுவருக்கு அப்பால் வெளி, ஜன்னல் எத்தனை அடி, கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, எத்தனை பேர் படுப்பார்கள், எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே குறித்தார்.

அப்பா தன் பழைய கேள்வியை அவரிடம் கேட்டார். நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. "டன் என்பது எடையேதான் அய்யா, பனிக்கட்டியின் எடை" என்றார்.

அமெரிக்க அளவில் ஒரு டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. அவ்வளவு பனிக்கட்டி ஒரு முழு நாளில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் இயந்திரம். நொடிக்கணக்கில் சொன்னால் சுமார் மூன்றரை கிலோவாட். குளிர்ச்சியை அறுத்து, ஏற்றி, எடைபோட்டு விற்ற காலத்தின் மிச்சம் இந்தச் சொல். பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே கட்டப்பட்ட கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். தோரோ தம் 'வால்டன்' நூலில், தம் குளத்தில் அறுத்த பனி சென்னைவாசிகளின் தாகம் தீர்க்கப் போவதை எண்ணி வியந்திருப்பார். நாங்கள் அந்த நூலை இருமுறை படித்தவர்கள். சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியின் 'டன்'னுக்கும் அந்தக் குளத்துக்கும் உறவுண்டு என்பது அன்றுவரை தெரியாது.

அப்பா சற்று யோசித்தார். "அப்படின்னா தெனம் ரெண்டு வண்டி ஐசு, இந்த ஒத்தை ரூமுக்கா?" என்றார்.

நாங்கள் செய்த பிழையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

*

நண்பர் தாளை எங்கள் முன் வைத்தார். மே மாத மாலை ஐந்து மணிக்கு, வெளியே 40 டிகிரியும் உள்ளே 26 டிகிரியும் என்று கொண்டு, அறைக்குள் வெப்பம் எவ்வழியே எவ்வளவு வருகிறது என்ற கணக்கு. கூரை வழியே 1,200 வாட். மேற்குச் சுவர் 400, தெற்குச் சுவர் 250. நான்கடிக்கு நான்கடி மேற்கு ஜன்னல் மட்டும் 700. கதவிடுக்கில் நுழையும் காற்று 300. இரண்டு ஆட்களுக்கு 200. ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறத்தாழ ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பின் சூட்டை வெளியிடுவார் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சிக்கு 150. ஆக மொத்தம் 3,200 வாட். ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு.

"இது உச்சி நேரக் கணக்கு. அப்பா படுக்கும் நேரத்தில் ஜன்னலில் வெயில் இல்லை, வெளிக்காற்றும் தணிந்துவிடும். ஆயிரத்து நானூறு வாட்டுக்கு மேல் போகாது. உங்கள் இயந்திரமோ ஏழாயிரம். ஒரு மணி நேரத்தில் அதற்குப் பன்னிரண்டு நிமிட வேலைதான் இருக்கிறது. மீதி நேரம் அது சும்மா நிற்கிறது" என்றார்.

நிற்பதால்தான் கேடு. குளிரூட்டி இரண்டு வேலை செய்கிறது. காற்றின் சூட்டைக் குறைப்பது ஒன்று. உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரத்தைப் படியவைத்து நீராக வடித்துவிடுவது மற்றொன்று. இரண்டாவது வேலைக்கு நேரம் தேவை. சுருள் நன்றாகக் குளிர்ந்து, நீர் திரண்டு, குழாய்வழி வடியும்வரை இயந்திரம் ஓடவேண்டும். அளவு மிஞ்சிய இயந்திரம் அதற்குள் காற்றைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுகிறது. சுருளில் ஒட்டிய ஈரத்தை விசிறிக்காற்று மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடுகிறது. மழை பெய்த இரவில் இது இன்னும் மோசம். போதாததற்கு, பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை அந்தச் சூட்டை நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்குகிறது. இயந்திரம் காற்றின் வெப்பத்தை மட்டும் அறிந்து நின்றுவிட, கூரை நள்ளிரவுவரை அனலை வீசுகிறது. காலில் குளிர், தலைமேல் அடுப்பு. அப்பா ஓராண்டுக்கு முன் சொன்ன அதே சொற்கள்.

"இன்வெர்ட்டர் வகை வாங்கியிருந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லவா?" என்று கேட்டோம். ஓரளவுக்குக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு, தேவை அதற்கும் கீழே போனால் அதுவும் நின்று நின்று ஓடத்தான் வேண்டும் என்றார். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் உலைகளுக்கும் இதே விதிதான் என்றும், அங்கேயும் மக்கள் பெரிதாக வாங்கி அல்லற்படுகிறார்கள் என்றும் சொன்னபோது எங்களுக்குச் சிறு ஆறுதல் கிடைத்தது.

அப்பா இதையெல்லாம் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தறியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சித்திரைக் காற்று வறண்டு அடித்தால் பாவு நூல் பொட்டுப் பொட்டென்று அறும். அதற்காகத்தான் தறியைக் குழியில் இறக்குவது, மண்ணின் ஈரம் பாவுக்கு ஏறும். அதுவும் போதாவிட்டால் சுற்றிலும் தண்ணீர் தெளிப்பார்கள். மழைக்காலத்தில் நேர்மாறு. கஞ்சி போட்ட பாவு காயாமல் பிசுபிசுக்கும். "தோலுல காத்து பட்டாலே தெரியும், இன்னைக்குத் தறி ஓடுமா ஓடாதான்னு. இந்த ரூமுல ராத்திரி அடிக்கறது ஐப்பசிக் காத்து" என்றார்.

நண்பர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வடிவமைத்த முதல் இயந்திரத்தின் நோக்கமே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான், காகிதம் ஈரத்தில் விரிந்து வண்ணங்கள் பொருந்தாமல் போயின என்றார். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் சூட்டியவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற பஞ்சாலைப் பொறியாளர். நூல் அறாமல் இருக்க ஆலைக் காற்றின் ஈரத்தைப் பதப்படுத்தும் முறைக்குத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார்.

"அப்ப இது நம்மாளுங்க தொழிலு" என்று அப்பா சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

எங்களுக்கோ சிரிக்க முடியவில்லை. காற்றைத் தோலால் அளந்து நாற்பது ஆண்டுகள் பிழைத்தவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார். காற்று சரியில்லை என்று எளிய தமிழில் சொல்லவும் செய்திருக்கிறார். நாங்கள் அதை முதுமையின் முணுமுணுப்பு என்றும் சிக்கனத்தின் சாக்கு என்றும் மொழிபெயர்த்துக்கொண்டோம்.

*

இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் வெயிலைக் குறையுங்கள் என்பது நண்பரின் அறிவுரை. மாடித் தளத்துக்கு வெள்ளையடிக்கலாம் என்று அவர் சொல்ல வாயெடுக்கும்போதே அப்பா சுண்ணாம்பின் அளவைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பொங்கலுக்குச் சுவர்களுக்கு அடிப்பதைச் சித்திரைக்கு முன் மாடிக்கும் அடிப்பது. அவ்வளவுதான். வெண்மை வெயிலின் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், தூசியில் மங்கும், ஆகையால் ஆண்டுதோறும் அடிக்கவேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டினோம். உள்ளே திரைச்சீலை போடுவது, வெப்பத்தை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தபின் முகத்தை மூடிக்கொள்வதற்குச் சமம் என்று நண்பர் சொல்லியிருந்தார். கதவின் அடியிடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்தோம். இவற்றுக்குப்பின் உச்சி நேரக் கணக்கே ஏறத்தாழ 2,000 வாட்டுக்கு இறங்கியது. ஒரு டன் இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினோம். இயந்திரங்களின் திறனை வெளியே 35 டிகிரி என்று வைத்துச் சோதிப்பதால், 40ஐத் தொடும் சேலத்து நாட்களில் அது சற்றுக் குறைவாகவே தரும். அதற்கும் அதில் இடமிருந்தது. பழைய இரண்டு டன் கீழே கூடத்துக்குப் போயிற்று. விருந்தினர் நிறைந்த நாட்களில் அதற்கு அங்கே வேலை இருக்கிறது.

புதிய இயந்திரம் இரவெல்லாம் மெல்லிய முனகலோடு நிற்காமல் ஓடியது. வடிகுழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அப்பா 27இல் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டுப் போர்வையில்லாமல் உறங்கினார். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற குளிரூட்டிகள் 24 டிகிரியை இயல்பளவாகக் கொண்டே வரவேண்டும் என்று விதியும் வந்தது. அப்பா எந்த விதிக்கும் காத்திருக்கவில்லை.

கணக்குத் தாளை நண்பர் விட்டுச் சென்றிருந்தார். அன்று மாலை அப்பா அதன் அடியில் தம் கோணலான எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். 'வேப்பமரம்' என்று எழுதி எதிரே இடம் விட்டிருந்தார். நண்பரைத் தொலைபேசியில் கேட்டோம். அந்த ஜன்னலுக்கும் சுவருக்கும் விழுந்த நிழலைக் கணக்கிட்டால் அறுநூறு வாட்டுக்குக் குறையாது, ஏறத்தாழ ஆறில் ஒரு டன் என்றார். அப்பா அதையும் எழுதி வைத்தார். மறுவாரம் மேற்குச் சுற்றுச்சுவருக்கு இப்பால் இருந்த மூன்றடி மண்ணில் ஒரு புங்கங்கன்று நட்டார்.

2021இல் அப்பா போய்விட்டார். மூன்று கோடைகள் அந்த அறையில் நிம்மதியாகத் தூங்கினார் என்பது எங்களுக்கு மிஞ்சிய ஆறுதல். முதல் கோடையை எண்ணினால் இன்றும் படிக்கட்டில் விரித்திருந்த அந்தத் துண்டு கண்ணில் நிற்கிறது. எவ்வளவு பெரிதாக வாங்கினோம் என்பதைக் கொண்டு எங்கள் அக்கறையை அளந்துகொண்டோம். அவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து, காற்றில் என்ன சரியில்லை என்று கேட்டிருந்தால் போதும். அளவுநாடாவோடு வந்த நண்பர் அதைத்தான் செய்தார்.

2024 ஏப்ரலில் சேலம் 40 டிகிரியைத் தாண்டித் தகித்தது. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் அதே ஆண்டுதான். அந்தக் கோடையில் நாங்கள் இருவரும் மாடி அறைக்கே படுக்கையை மாற்றிக்கொண்டோம். பங்குனி இறுதியில் வழக்கம்போல் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். மூங்கில் தட்டி இற்றுப்போயிருந்தது. புதிது கட்ட ஆள் வந்தார். ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே இங்க தட்டி எதுக்குங்க? புங்கன் வந்துருச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்.